துர்கா பூஜைக்கு முன் பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா?

கொல்கத்தாவில் கேமரா என்றால் எஸ்பிளனேடு மெட்ரோ கலிதான். 1935-ல் திறந்த மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்து. கைக்கு அடக்கமான பழைய டிஜிட்டல் கேமராக்களைக் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது மறுபடி தேடித் தேடி வாங்குகிறார்கள். பணத்தை எடுக்குமுன் சில குறிப்புகள்:

1. மெகா பிக்சலில் மயங்க வேண்டாம். ஏ4 அளவுப் பிரிண்டுக்கே 9 மெகா பிக்சல் போதும். கேட்க வேண்டியது சென்சார் அளவு. சாதாரண சின்ன கேமராவில் இருப்பது 1/2.3 அங்குல வகை. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் இருக்கும் ஒரு அங்குல வகைக்குப் பரப்பு நான்கு மடங்கு. பந்தலின் மங்கலான விளக்கில் துர்கையின் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் விழ, இதுதான் கைகொடுக்கும்.

2. பூஞ்சை பார்க்காமல் வாங்கவே கூடாது. இந்த ஊர் ஈரக் காற்றில் பீரோவில் தூங்கிய கேமரா எதையும் நம்ப முடியாது. ஆன் செய்து, ஜூமை முழுக்க வெளியே நீட்டி, செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடைக்காரர் "வெறும் தூசிதான்" என்பார். தூசி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. சின்ன கேமராவின் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கேட்கும் கூலியில் இன்னொரு கேமராவே வாங்கிவிடலாம்.

3. ஜூமை நாலைந்து தடவை உள்ளே வெளியே ஓட்டுங்கள். கரகர சத்தம், பாதியில் திணறல், திரையில் 'லென்ஸ் எரர்' ஏதாவது வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்கும்போது டிஜிட்டல் ஜூமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. ஒரு கையால் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் வைக்க இடமில்லாமல் பட்டனில் போய் விழுகிறதா? பூஜைக் கூட்டத்தில் இன்னொரு கை குழந்தையைப் பிடித்திருக்கும். மணிக்கட்டு வார் மாட்டும் துளை உடையாமல் இருக்கட்டும்.

5. கார்டு உங்களுடையதாக இருக்கட்டும். மிகப் பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேல் படிக்காது. எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் மட்டும் ஏற்கும் கேமரா வேண்டாம். கார்டுக்கு அலைய நேரிடும்.

6. பாட்டரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பென்சில் பாட்டரியில் ஓடும் மாடல் கிடைத்தால் யோகம்.

7. கேமராவைச் சற்று நகர்த்தி நகர்த்தி வெள்ளைத் தாளைச் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளி நகராமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சாரில் தூசி. பிறகு கடையின் இருட்டு மூலையை ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்து, படம் எவ்வளவு புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது என்று பாருங்கள்.

8. வீட்டில் தோல் உறை வேண்டாம், அது ஈரத்தை வாங்கிப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது பிளாஸ்டிக் பையில் மூடி, சூடு சமமான பிறகு திறந்தால் லென்ஸில் நீர் கோக்காது.

9. சீரியல் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அந்தச் சந்தில் கடைக்குப் பஞ்சமில்லை.