தோற்றம் ஒன்று, எண் வேறு

கடையில் ஒரே சரக்கை இரு பெயரில் பதிந்தால் இருப்புக் கணக்கு தவறும். பாரசீக மொழிக்குக் கம்ப்யூட்டரில் நேர்ந்ததும் அதுவே.

கம்ப்யூட்டர் எழுத்தின் உருவை அறியாது. அதற்குரிய எண்ணையே அறியும். அரபி எழுத்துகள் 28, பாரசீகத்தில் 32. கூடுதலான நான்கைவிட, இரண்டுக்கும் பொதுவான காஃபும் யேயுமே பெருந்தொல்லை. யூனிகோடு முறையில் இவற்றுக்கு அரபியில் ஓர் எண், பாரசீகத்தில் வேறோர் எண். சொல்லின் நடுவே வந்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆயினும் ‘கிதாப்’ என்று அரபிக் காஃபில் பதிந்ததைப் பாரசீகக் காஃபில் தேடினால், இரண்டும் ஒன்றெனச் சொல்லிவைக்காத கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றே சொல்லும்.

இது நமக்கும் உரிய பாடம். நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் (1816–1898) கிதாபுகள் பல இந்த அரபுத்தமிழில் உள்ளவை. தமிழ் ஓசைக்காக அரபி எழுத்துகளில் புள்ளி கூட்டினார்கள். அவற்றுள் ஒன்றான கீழ்ப்புள்ளிக் காஃப் யூனிகோடில் இடம் பெற்றது 2015இல்தான்.

ஆகவே, வீட்டுக் கிதாபுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோர் புள்ளியை விடாமலும், சாயல் ஒத்த வேறெழுத்தை இடாமலும், எல்லோரும் ஒரே எழுத்தையே இடுவார்களாக. தவறினால், கிதாபு இருந்தும் நம் பிள்ளைகள் தேடும்போது கிடைக்காது.