விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நகரும் முன்: புதிய உதவி லோகோ பைலட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளுக்குத் தண்டவாளம் பிரிகிறது. சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. ஊரில் விமான நிலையம் கிடையாது. ஆனால் பைலட்டுகளுக்குப் பஞ்சமில்லை, எல்லோரும் லோகோ பைலட்டுகள்.

விமானி அறையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் வரிசையாகச் சோதனைகள் நடக்கும் என்பது சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ரயில் எஞ்சினிலும் அப்படி ஒரு வரிசை இருப்பது பிளாட்பாரத்தில் நிற்கும் நமக்குத் தெரிவதில்லை. ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியத்தின் (ஆர்.ஆர்.பி.) தேர்வு எழுதி உதவி லோகோ பைலட்டாகச் சேரப்போகும் இளைஞருக்கும், முன்பக்கம் என்னதான் செய்கிறார்கள் என்று யோசிக்கும் பயணிக்கும் இந்தக் கட்டுரை. விழுப்புரத்தில் புறப்பட்டு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் வழியே சென்னை போகும் ஒரு பயணிகள் வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் டபிள்யூ.ஏ.பி-7, மின்சார எஞ்சின்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வரப்போகும் சோதனைகளில் முக்கால்வாசி, வண்டி நிற்குமா என்று பார்ப்பதற்குத்தான். ஓடாத வண்டியால் தாமதம் மட்டுமே வரும்.

படி 1: லாபியில் முதல் சோதனை உங்களுக்கு

டியூட்டி எஞ்சினில் தொடங்குவதில்லை, க்ரூ லாபியில் தொடங்குகிறது. அங்கே கணினியில் சைன் ஆன் செய்ய வேண்டும். மூச்சுக்காற்றில் மது இருக்கிறதா என்று பார்க்கும் கருவியில் ஊத வேண்டும். டியூட்டி முடித்து சைன் ஆஃப் செய்யும்போதும் இதே சோதனை உண்டு.

மதுவைக் கண்டுபிடிக்கும் கருவி லாபியில் இருக்கிறது, தூக்கமின்மையைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. வாராந்திர ஓய்வு சரியாக வேண்டும் என்று தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் 2024-இல் போராடியதை இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தூங்காமல் வந்திருந்தால் லாபியிலேயே சொல்லிவிடுங்கள். விக்கிரவாண்டி தாண்டிச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சங்கதி, பாடப்புத்தகத்தில் வராது: பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை கிடையாது. லாபியை விட்டுக் கிளம்பும் முன் போய்விட்டு வாருங்கள்.

படி 2: காஷன் ஆர்டரைப் படிப்பது

லாபியில் சுற்றறிக்கைகளைப் படித்துக் கையெழுத்திட்ட பின், வண்டிக்கான காஷன் ஆர்டர் கைக்கு வரும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்ன வேகத்துக்கு மேல் போகக்கூடாது, எங்கே தண்டவாள வேலை நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். லோகோ பைலட் படிப்பார், உதவியாளரும் படிக்க வேண்டும். "சார் பார்த்துட்டாரு" என்று மடித்துப் பையில் வைக்கும் தாள் அல்ல அது.

நம் ஊர்ப் பாதையில் இந்தத் தாளின் அருமையை 2024-இல் எல்லோரும் பார்த்தார்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 காலை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, ரயில்கள் நிறுத்தப்பட்டன. சில வண்டிகள் ரத்தாயின, சில காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. அப்படி மூடிய பாதை மறுபடி திறக்கும்போது பழைய வேகம் உடனே வராது. முதல் வண்டிகள் காஷன் ஆர்டரில் எழுதிய வேகத்தில்தான் பாலத்தைத் தாண்டும். இதே பாதையில் தெற்கே போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், 1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளம் அரித்த பாலத்தில் கவிழ்ந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, மூவண்ண டார்ச், வாக்கி டாக்கி, வேலை நேர அட்டவணை, தண்டவாளத்தில் வைத்து வெடிக்கும் பத்து டெட்டனேட்டர்கள். வண்டி நடுவழியில் தடம்புரண்டு அடுத்த தண்டவாளத்தை மறித்தால், எதிரே வரும் வண்டியை நிறுத்த ஓட வேண்டியவர் உதவியாளர்தான். ஆகவே டார்ச்சை எரியவிட்டுப் பார்த்த பிறகே பையில் போடுங்கள். கண்ணாடி அணியும் லோகோ பைலட்டிடம் இரண்டாவது கண்ணாடியும் இருக்க வேண்டும் என்பது விதி.

படி 4: எஞ்சினைச் சுற்றி ஒரு நடை

முந்தைய க்ரூ விட்டுப்போன பதிவேட்டைப் படித்துவிட்டுக் கீழே இறங்கி எஞ்சினை ஒரு சுற்று வாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாகம் ஏதாவது உண்டா, பிரேக் கட்டைகள் தேய்ந்துள்ளனவா, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மணல் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மணல் நிறைந்திருந்தால் போதாது, காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும்போது இந்த மணல்தான் பிடி கொடுக்கும். ஈர மணல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

எஞ்சின் கூரையில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏறாதீர்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும்.

படி 5: மின்சாரத்தை இறக்குவது

கார் போலச் சாவியைத் திருப்பியதும் உறுமுகிற எஞ்சின் இல்லை இது. இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. மேலே உள்ள கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் உயர வேண்டுமானால் அழுத்தக் காற்று வேண்டும். காற்றைத் தரும் பெரிய கம்ப்ரஸர் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் வர பாண்டோ உயர வேண்டும்! இரவெல்லாம் நின்ற எஞ்சினில் காற்றும் இறங்கிப்போயிருக்கும்.

இதற்காகவே 110 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று இருக்கிறது. சாவியைப் போட்டுக் கேபினை உயிர்ப்பித்ததும், காற்று போதாவிட்டால் அது தானே ஓடத் தொடங்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி மீட்டர். தேவையான அழுத்தம் வந்ததும் சுவிட்சைப் போட்டால் பாண்டோ எழும். பெரும்பாலும் பின்பக்கப் பாண்டோவைத்தான் எழுப்புவார்கள். முன்னது உடைந்தால் அதன் சிதறல் பின்னதையும் கெடுக்கும், பின்னது உடைந்தால் முன்னதாவது மிஞ்சும். கம்பி மின்னழுத்தம் மீட்டரில் தெரிந்த பின் டி.ஜே. என்று நம் ஆட்கள் சொல்லும் பிரதான சர்க்யூட் பிரேக்கரை மூடினால் எஞ்சினுக்குள் மின்சாரம் இறங்கும்.

விமானத்திலும் இதே சிக்கலுக்கு இதே வகைத் தீர்வுதான். ஏர்பஸ் ஏ320-இன் வால்முனையில் இருக்கும் சின்ன டர்பைனை முதலில் ஓடவிட்டு, அதன் காற்றைக்கொண்டுதான் இறக்கையிலுள்ள பெரிய எஞ்சின்களைச் சுழற்றுகிறார்கள்.

படி 6: காற்றும் பிரேக்கும்

அவசரப்படக்கூடாத இடம் இது. மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். எஞ்சினின் பிரதானத் தொட்டியில் 8 முதல் 10 கிலோ, அங்கிருந்து பெட்டிகளுக்குப் போகும் ஃபீட் பைப்பில் 6 கிலோ, பிரேக் பைப்பில் 5 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புதியவர்களைக் குழப்புவது ஒன்றுதான்: ரயிலின் பிரேக் பைப்பில் காற்று ஏறினால் பிரேக் விடும், இறங்கினால் பிடிக்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த ஏற்பாடு. பெட்டிகள் நடுவழியில் அறுந்தால் பைப் பிய்ந்து காற்று போகும், இரண்டு பாதியும் தானே நிற்கும். இதைவிட நல்ல பாதுகாப்பு யோசனை ரயில்வேயில் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. எஞ்சினைப் பெட்டிகளோடு மாட்டியதும் இரண்டு ஹோஸ் பைப்புகளை இணைப்பார்கள். பச்சை நிறம் பிரேக் பைப், வெள்ளை ஃபீட் பைப். ஒவ்வொரு முனையிலும் ஆங்கிள் காக் என்ற வால்வு இருக்கிறது. அதில் ஒன்று மூடியிருந்தால் எஞ்சினில் உள்ள மீட்டர் அழகாக 5 கிலோ காட்டும், ஆனால் வால்வுக்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு லோகோ பைலட்டின் கை எட்டாது. பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் 1988 ஜூன் 27 அன்று 56 பேர் இறந்தது இப்படித்தான். அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டு நின்ற வண்டியை மறுபடி கிளப்பும் முயற்சியில் பிரேக் பைப் வால்வு மூடப்பட்டுவிட்டது. பிரேக் இல்லாத வண்டி, நிலையத்தில் நின்றிருந்த வண்டியின் மேல் ஏறியது.

இதைத் தடுப்பதுதான் கன்டின்யூட்டி டெஸ்ட். லோகோ பைலட் ஏ-9 கைப்பிடியால் பிரேக் பைப் காற்றைக் குறைப்பார். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு, அதாவது 2022 முதல் ட்ரெயின் மேனேஜர், தன் மீட்டரில் முள் இறங்குவதைப் பார்த்துச் சொல்வார். பிறகு லோகோ பைலட் காற்றை ஏற்றி, அங்கேயும் ஏறுகிறதா என்று கேட்பார். கடைசி மீட்டர் ஆடினால்தான் வண்டி முழுக்க ஒரே குழாய் என்று அர்த்தம். கூடவே வண்டியின் பிரேக் நிலைக்குத் தரப்படும் பிரேக் பவர் சான்றிதழில் உள்ள பெட்டி எண்களை நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுத்திவிட்டு இறங்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவில் ஆளில்லாமல் உருளத் தொடங்கிய 53 வேகன் சரக்கு ரயில், சுமார் 70 கி.மீ. ஓடி பஞ்சாபில்தான் நின்றது. காற்று கசிந்து தீர்ந்துபோகும். பார்க்கிங் பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மரக்கட்டையும் தீர்ந்துபோகாது.

படி 7: சின்னச் சோதனைகள்

ஹாரன், முகப்பு விளக்கு, மஞ்சள் ஃப்ளாஷர், வைப்பர், வேகமானி. எல்லாம் சில நிமிட வேலை. விழிப்புக் கருவியை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஓடும்போது லோகோ பைலட் எந்தக் கைப்பிடியையும் பட்டனையும் 60 விநாடி தொடாவிட்டால் விளக்கு எரியும், பிறகு பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானே பிரேக் போடும். அதைத் துண்டித்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படி 8: சிக்னலை வாய்விட்டுச் சொல்வது

வண்டி புறப்பட அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்ததும் உதவியாளர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், லோகோ பைலட்டும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து திசைப் பாதைகள் கூடும் யார்டில் பக்கத்துத் தண்டவாளத்துச் சிக்னலை நம்முடையது என்று நினைப்பது எளிது. பெரியவர் "கிரீன்" என்று சொன்னால் தம்பி தலையாட்டுவது சோதனை ஆகாது. உங்கள் கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தால் "சார், மஞ்சள்" என்று சொல்லுங்கள். வயதும் மரியாதையும் இதில் குறுக்கே வரக்கூடாது.

கார்டிடமிருந்து பச்சை வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஹாரன் அடித்து வண்டி நகரும். சோதனை இன்னும் முடியவில்லை. வேகம் கூடுவதற்குள், முண்டியம்பாக்கம் வருமுன்பே, ஒருமுறை பிரேக்கை லேசாகப் போட்டு அது பிடிக்கிற விதத்தை உணர்ந்து பார்ப்பார்கள். நின்ற இடத்தில் மீட்டர் சொன்னதை ஓடும் வண்டி ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

சேர விரும்புகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் ஐ.டி.ஐ., அல்லது பொறியியல் டிப்ளமோ இருந்தால் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதலாம். நம் பகுதிக்குச் சென்னை ஆர்.ஆர்.பி. இரண்டு கணினித் தேர்வுகள், பிறகு மனத்திறன் சோதனை, கடைசியாக மருத்துவம். பலர் கடைசியில்தான் விழுகிறார்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறக்குருடு இருக்கக்கூடாது, லேசிக் அறுவைச் சிகிச்சை செய்திருந்தாலும் தகுதி கிடையாது. ஆகவே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு கண் மருத்துவரிடம் போய்ப் பார்வையையும் நிறப் பார்வையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.