எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, சீனியர்களைக் கிண்டல் செய்யும் பட்டப்பெயர்ப் பட்டியல் எல்லாம் இருக்கும். இந்த வருடம் கொஞ்சம் ஆயில் வாடையும் அடிக்கட்டுமே என்றுதான் இந்தக் கட்டுரை. ஃப்ளூயிட் பவர் பாடத்தில் 'அக்குமுலேட்டர்' என்று படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மார்க் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம் அல்லவா? அது என் மாமாவின் கார் மூலமாக மறுபடியும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மாமாவிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம். 1,298 சி.சி. எஞ்சின். அதற்கு கேம்ஷாப்ட் மாற்றி, சைலன்சர் மாற்றி, நன்றாகப் பிடிக்கிற அகல டயரும் போட்டுவிட்டார். ஊரே திரும்பிப் பார்க்கும்! சாரல் நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகரையிலிருந்து கிளம்பி செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் போனோம். புளியரை எஸ் வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"மாமா, ஆயில் லைட் எரிஞ்சுது, பாத்தீங்களா?"

"வயர் லூசா இருக்கும் மருமவனே. சாரல்ல நனைஞ்சிருக்கும்."

நானும் விட்டுவிட்டேன். மெக்கானிக்கல் படிக்கிற நான் விட்டிருக்கக் கூடாது. திரும்பி வரும்போது இரண்டு முறை எரிந்தது. செங்கோட்டை தாண்டியதும் எஞ்சினுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம். தென்காசியில் பட்டறையில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் தேய்ந்து உள்ளே செம்பு நிறம் பல்லை இளிக்கிறது. கிராங்க் ஷாப்ட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு மாமா எடுத்து வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. அத்தை அந்தக் காரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

என்ன நடந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 11.1 மீட்டர். வளைவின் ஆரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 4.1 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.81. அதாவது 0.42 'ஜி' பக்கவாட்டில் தள்ளுகிறது. சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் மட்டமாக நிற்காது. சாய்கோணத்தின் டேன்ஜென்ட் 0.42, எனவே ஏறக்குறைய 23 டிகிரி சாய்ந்துவிடும். 25 செ.மீ. அகலமுள்ள சம்ப்பில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 10 செ.மீ.க்கு மேல் மட்ட வித்தியாசம்! பஸ்ஸில் டீ டம்ளரோடு உட்கார்ந்து வளைவில் திரும்பியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆயில் அதை விட்டு விலகினால் பம்பு காற்றை விழுங்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் ஒரு வாய் காற்று உள்ளே போனாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். பேரிங்குக்கும் கிராங்க் ஜர்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடுக்கில் ஆயில் படலம் இருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடாது. 6,000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒரு விநாடி ஆயில் இல்லை என்றால் 100 சுற்று காய்ந்த ஓட்டம். விளக்கு 'மினுக்' என்று எரிந்த நேரம் நமக்குத்தான் சின்னது, பேரிங்குக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிவதே பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி 6,000 ஆர்.பி.எம்.மில் 60 பி.எஸ்.ஐ., அதாவது 4 பார் இருக்க வேண்டிய இடத்தில், அரை பாருக்கு இறங்கிய பிறகு எரிகிற விளக்கை எச்சரிக்கை என்று சொல்லலாமா? அது மரண அறிவிப்பு. முள் காட்டும் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்று தனியாகப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது அக்குமுலேட்டருக்கு வருவோம். வீட்டில் கரண்ட் போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் குளித்து முடிக்கிறோமே, எப்படி? மொட்டைமாடித் தொட்டி இருக்கிறது. மோட்டார் ஓடும்போது நிரம்பும், நின்றால் கொடுக்கும். லண்டனில் 1894-இல் திறந்த டவர் பிரிட்ஜில் பாலத்தைத் தூக்க ஆறு பெரிய அக்குமுலேட்டர்கள் வைத்திருந்தார்கள். நீராவி பம்பு ஓடி ஓடிச் சேர்த்து வைத்த அழுத்தத்தைப் பாலம் தூக்கும்போது மொத்தமாகச் செலவழித்தார்கள். அங்கே மேலிருந்து அழுத்தியது பாரக்கட்டி. காரில் அவ்வளவு பாரத்துக்கு எங்கே போவது? அதனால் காற்றை அமுக்கி வைக்கிறோம்.

உருளை வடிவில் ஒரு அலுமினியக் கலன். உள்ளே ஓ-ரிங் போட்ட பிஸ்டன். பிஸ்டனுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எஞ்சின் ஆயில். எஞ்சின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறும்போது ஆயில் உள்ளே வந்து பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அமுக்குகிறது. அழுத்தம் விழுந்ததும் காற்று விரிந்து ஆயிலை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவில் 'அக்யூசம்ப்' என்ற பெயரில் 1, 2, 3 குவார்ட் அளவுகளில் விற்கிறார்கள். 2 குவார்ட் என்றால் 1.9 லிட்டர். மாமா பார்த்து வைத்திருந்ததும் அந்த அளவுதான். "1.9 லிட்டர் ஆயில் ரிசர்வ்ல இருக்கும், இனிமே கவலையே இல்ல" என்றார்.

உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? பாயில் விதியைக் கையில் எடுங்கள். ஆயில் இல்லாதபோது காற்றுப் பக்கம் 0.5 பார் நிரப்புகிறோம். கேஜில் 0.5 என்றால் முழு அழுத்தம் 1.5. (இந்த 1-ஐக் கூட்ட மறந்து பரீட்சையில் மார்க் விட்டவர்களில் நானும் ஒருவன்.) எஞ்சின் அழுத்தம் 4 பாருக்கு ஏறினால் முழு அழுத்தம் 5. காற்றின் கன அளவு 1.9 × 1.5 ÷ 5 = 0.57 லிட்டர். மீதி 1.33 லிட்டர்தான் ஆயில். வளைவில் அழுத்தம் 2 பாருக்கு விழுகிறது, முழு அழுத்தம் 3. இப்போது காற்று 0.95 லிட்டர். வெளியே வந்த ஆயில் 0.38 லிட்டர். அதுவும் மெதுவாக விரிந்தால்தான். ஒரு விநாடியில் சட்டென்று விரியும்போது வெப்பம் உள்ளே வர நேரமில்லை. அடியபாட்டிக் கணக்கு, 1.4 அடுக்கு போட வேண்டும். அப்படிப் போட்டால் 0.25 லிட்டர்தான் வருகிறது! 1.9 எங்கே, கால் லிட்டர் எங்கே?

எஞ்சின் உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் குடிப்பதாக வைத்தால் விநாடிக்கு 0.33 லிட்டர். கால் லிட்டர் ஒரு விநாடிக்குக் கூடப் போதாது. அழுத்தம் 2 பாருக்கும் கீழே இறங்கட்டும் என்று விட்டால் இன்னும் ஒன்றிரண்டு விநாடி ஓடும், ஆனால் வேகத்தைக் குறைக்காமல் அதை நம்புவது ஆபத்து.

இதைப் பந்தயக் களத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்தில் சென்னை சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக் களம் வந்தது. ஏறக்குறைய 3.7 கி.மீ. நீளம், 12 வளைவு. கோவைக்குப் பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது. எஸ்டீமையும் நம் நாட்டுப் பந்தயங்களில் நிறையப் பேர் ஓட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட களத்தில் 60 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 0.84 ஜி. ஆயில் 40 டிகிரி சாயும். 90 டிகிரி திரும்ப 4 விநாடிக்குக் கொஞ்சம் மேல், முழு யூ-டர்ன் என்றால் எட்டரை விநாடி. ஸ்ட்ரெய்னர் உடனே காய்ந்துவிடாது, வளைவின் கடைசிப் பகுதியில்தான் காய ஆரம்பிக்கும். அந்தக் கடைசி ஒரு விநாடியைத்தான் அக்குமுலேட்டர் தாங்கும். எட்டரை விநாடி வளைவில் பாதியிலேயே சம்ப் காய்ந்துவிடுகிற கார் என்றால், அதை அக்குமுலேட்டர் காப்பாற்றாது. அதற்கு டிரை சம்ப்தான் மருந்து. அதன் விலை நம் ஊருக்குக் கட்டாது.

இந்தக் கணக்கை மாமாவிடம் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் பட்டறை அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "சம்ப்பைக் கழட்டும்போது ஆயிலை அளந்தேன் தம்பி. முக்கால் லிட்டருக்கு மேல கொறச்சல்."

அதாவது அன்றைக்கு மலைப் பாதையில் பேரிங் போனதற்குக் காரணம் அகல டயரும் அல்ல, பம்பும் அல்ல. மாமா இரண்டு மாதமாக டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை! மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கிற எஞ்சினில் முக்கால் லிட்டர் என்பது சின்ன விஷயமா? ஸ்டாக் டயராக இருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும், பிடிப்பு அதிகமான டயர் சாய்வைக் கூட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டது. மலைப் பாதையில் வேகம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது தனி விஷயம்.

ஆகவே வரிசை மாறிற்று. முதலில் சம்ப்புக்குள் ஸ்ட்ரெய்னரைச் சுற்றி 1.6 மி.மீ. ஷீட்டில் தடுப்புத் தகடு வெல்டிங் செய்தோம். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்துதானே கீழே வருகிறது? தகடும் அப்படித்தான், ஆயில் ஒரே பாய்ச்சலாக ஓரத்துக்கு ஓடாமல் தடுக்கும். அடுத்து பிரஷர் கேஜ். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, அக்குமுலேட்டர் விலையில் ஒரு சின்னப் பங்கு. அதற்குப் பிறகும், "களத்துக்குக் கொண்டுபோகப் போறேன், போட்டே ஆகணும்" என்று மாமா நின்றதால்தான் கலனை மாட்டினோம்.

மாட்டுவதில் நான் கற்றதைச் சொல்கிறேன். ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் வைத்து அங்கிருந்து லைன் எடுக்க வேண்டும். பம்புக்கும் இந்த இணைப்புக்கும் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் சேர்த்து வைத்த ஆயில் பேரிங்குக்குப் போகாமல் பம்பு வழியாகவே சம்ப்புக்குத் திரும்பிவிடும். ஹோஸின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நீளமும் வளைவும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு விநாடியில் வேலை முடிய வேண்டிய இடத்தில் சிறு குழாய் எதற்கு?

ஹோஸ் விஷயத்தில் நாங்கள் தப்புச் செய்யப் பார்த்தோம். டிராக்டருக்கு கிரிம்ப் செய்து கொடுக்கிற கடையில் ஹைட்ராலிக் ஹோஸ் வாங்கிவிட்டோம். அழுத்தத்தைப் பல மடங்கு தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸின் வெப்ப எல்லை பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ். விரட்டி ஓட்டும் எஞ்சினில் ஆயில் 120-ஐத் தாண்டும். ஹோஸ் விட்டுப்போய் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பீய்ச்சினால் கார் தீப்பிடிக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் ஹோஸாகத் தேடி வாங்கினோம். கிளாம்ப் போட்டு இறுக்குகிற ரப்பர் குழாயை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

காற்று நிரப்புவது பற்றி இதைவிட முக்கியமான ஒன்று. வெல்டிங் பட்டறையில் காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறேன் என்றார் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான். அழுத்தப்பட்ட ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். பிஸ்டன் சீல் கொஞ்சம் கசிந்தாலே போதும்! வெறும் 0.5 பார்தானே, வீட்டு சைக்கிள் பம்பு போதும். நாங்கள் அதைத்தான் செய்தோம். பழைய தீயணைப்புக் கலனை வெட்டி வீட்டிலேயே அக்குமுலேட்டர் செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. பிஸ்டன் இல்லாத கலனில் காற்று ஆயிலோடு கலந்து நுரையாகப் போகும், வெட்டி ஒட்டிய வெல்டிங்கை நம்பவும் முடியாது. விட்டுவிட்டோம்.

இனி வால்வு. கலனின் வாயில் கையால் திருப்பும் பால் வால்வு, அல்லது அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானே திறக்கும் மின் வால்வு போடலாம். மின் வால்வில் இன்னொரு வசதி, கலன் மெதுவாக நிரம்பும்படி சிறு துளை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வளைவு முடிந்து அழுத்தம் மீளும் நேரத்தில் காலியான கலனே பம்பின் ஆயிலைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். காசு இல்லாததால் எங்களுடையது கை வால்வு.

எஞ்சினை அணைக்கும் முன், அழுத்தம் நன்றாக இருக்கும்போதே வால்வை மூட வேண்டும். அப்படி மூடினால் ஆயில் கலனுக்குள்ளேயே அழுத்தத்தோடு காத்திருக்கும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் வால்வைத் திறந்தால் கேஜில் முள் எழும், செல்ஃப் சுற்றுவதற்கு முன்பே எல்லா பேரிங்குக்கும் ஆயில் போயிருக்கும். குளிர்ந்த எஞ்சினின் முதல் சில விநாடித் தேய்மானத்துக்கு இது நல்ல மருந்து. என்னைக் கேட்டால், தெருவில் ஓட்டுகிற காருக்கு அக்குமுலேட்டரால் தினமும் கிடைக்கிற லாபம் இதுதான், வளைவில் அல்ல.

மூட மறந்தால்? மாமா இரண்டாவது நாளே மறந்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்ததும் கலனிலிருந்த 1.3 லிட்டரும் சம்ப்பில் இறங்கிவிட்டது. அது கலனுக்கென்று நாங்கள் கூடுதலாக ஊற்றியிருந்த ஆயில். மறுநாள் ஸ்டார்ட் செய்து, வால்வு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதை மூடியிருக்கிறார். ஆயில் கலனுக்குத் திரும்ப வழியில்லை. மட்டம் ஏறிய சம்ப்பில் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து, பின்னால் நீலப் புகை. தெருவே மூக்கைப் பொத்தியது. அத்தை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் டிராயிங் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். 'முதலில் டிப்ஸ்டிக். அணைக்கும்போது முதலில் வால்வு, பிறகு சாவி.' மாமா அதைப் படித்துவிட்டு, "எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம் மருமவனே" என்றார்.