பச்சை ஒளி மங்கினால் மருந்து ஆகிவிடாது

"மேடம், சாறு சேர்த்ததும் பச்சை குறைஞ்சிடுச்சு. அப்ப ஃப்ரீ ராடிக்கல் அழிஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

வாய்மொழித் தேர்வு நடத்தப் போகும் கல்லூரிகளிலெல்லாம் இதைக் கேட்கிறேன். ஆக்சிஜனேற்றமடைந்தால் பச்சையாக ஒளிரும் டி.சி.எஃப். என்ற சாயத்தைச் செல்களில் ஏற்றி, மூலிகைச் சாறு சேர்த்து, ஒளி குறைகிறதா என்று பார்க்கிறார்கள். நெல்லி, முருங்கை, ஆவாரம்பூ, கீழாநெல்லி என்று மூலிகையின் பெயர்தான் மாறுகிறது. ஆய்வேட்டில் இருக்கும் பச்சைப் படம் சில நாளில் பொடி டப்பாவின் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது. உயிருள்ள செல்லுக்குள் நடக்கும் ரசாயன சமிக்ஞைகளை அளப்பதே என் வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன்: இல்லை, அதற்கு அர்த்தம் அதுவல்ல.

நம்பிக்கை 1: டி.சி.எஃப். சாயத்தின் பச்சை ஒளி குறைந்தால், செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு குறைந்துவிட்டது.

உண்மை: முதலில் இந்தச் சாயத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள். மிகச் சிறிய அளவு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடிக்க 1965இல் கெஸ்டனும் பிராண்டும் இதைக் கையாண்டார்கள். அது சோதனைக் குழாயில் நடந்தது. பெராக்சிடேஸ் என்ற நொதியும் கூடவே இருந்தது. வினையை முடுக்க ஆள் இல்லாவிட்டால் பெராக்சைடு இந்தச் சாயத்தோடு வினைபுரிவதில்லை என்றே சொல்லலாம். செல்லுக்குள் அந்த ஆள் யார்? கட்டுப்படாமல் கிடக்கும் இரும்பாக இருக்கலாம், ஹீம் உள்ள புரதமாக இருக்கலாம், செல் சாகத் தொடங்கும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சி ஆகவும் இருக்கலாம். பெராக்சைடு இம்மி மாறாமல் இருக்க, இரும்பு மட்டும் கூடினாலும் பச்சை கூடும். இரும்பைப் பிடித்து வைக்கும் சாறு போட்டால் பச்சை குறையும். தாவரப் பாலிபீனால்கள் பலவற்றுக்கு இரும்பைப் பிடிப்பது கைவந்த கலை.

இது ஒருவழிப் பாதை என்பதையும் மறக்கிறார்கள். விரிந்த பூ மறுபடி மொட்டாகாது. அதுபோல ஒருமுறை ஒளிர்ந்த சாயம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நடுவில் ஒளி இறங்கினால், சாயம் செல்லைவிட்டுக் கசிந்திருக்கும் அல்லது வெளிச்சத்தில் வெளுத்திருக்கும். போதாததற்கு, சாயம் மாறும் வழியில் உண்டாகும் இடைப்பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடைத் தருகிறது. அளக்க வந்ததே அளக்க வேண்டியதை உற்பத்தி செய்கிறது!

என் மாணவி ஒருத்தியிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். செல்களில் சாயம் ஏற்று, வேறு எதையும் சேர்க்காதே, நீல ஒளியைப் பாய்ச்சி வரிசையாகப் படம் எடு. முதல் படம் ஏறக்குறைய கறுப்பு. பத்தாவது படத்தில் செல்களின் ஓரங்கள் தெரிந்தன. முப்பதாவது படத்தில் திரை முழுக்கப் பச்சை. தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, ஒளி படாத பக்கத்து இடத்தில் ஒரே ஒரு படம் எடுத்தோம். இருட்டு. அதே தட்டு, அதே செல்கள். வெளிச்சம் பட்ட வட்டம் மட்டும் பச்சையாகி இருந்தது. பார்த்த குற்றத்துக்கே ஒளிரும் சாயத்தை வைத்து எந்த மூலிகைக்குச் சான்றிதழ் கொடுப்பீர்கள்?

சாற்றுக்கும் நிறம் உண்டு. பழுப்பும் பச்சையுமான சாறு, உள்ளே போகும் நீல ஒளியையும் வெளியே வரும் பச்சை ஒளியையும் தானே விழுங்கிக்கொள்ளும். நெல்லியில் இருக்கும் காலிக் அமிலமோ, செல் வளர்க்கும் ஊடகத்தில் விழுந்ததும் தானாக ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். எதை ஒழிக்கிறது என்று சொல்கிறீர்களோ, அதையே தட்டில் சேர்க்கிறது.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. 2022இல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் இத்துறை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து அளவீட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, இத்தகைய சாயங்களைக் கண்மூடி நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார்கள். படிக்காமல் இருப்பதற்கு என்ன சாக்கு?

நம்பிக்கை 2: டி.பி.பி.ஹெச். சோதனையில் ஊதா வெளிறினால் உடம்பிலும் அப்படியே நடக்கும்.

உண்மை: டி.பி.பி.ஹெச். என்பது நம் உடம்பில் இல்லாத ஒரு செயற்கை ராடிக்கல். குப்பியில் ஊதா மஞ்சளாவது குப்பியின் செய்தி. செல்லின் செய்தி அல்ல.

நம்பிக்கை 3: ஃப்ரீ ராடிக்கலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெறும் விஷம், முழுக்க ஒழிக்க வேண்டும்.

உண்மை: வெள்ளை அணுக்களால் சூப்பர் ஆக்சைடை உண்டாக்க முடியாத பிறவிக் குறை ஒன்று உண்டு; அந்தக் குழந்தைகளைத் தொற்றுகள் விடாமல் தாக்குகின்றன. ரத்தக்குழாய்த் தசைச் செல்களில் ஒரு வளர்ச்சிக் காரணி தன் செய்தியைக் கடத்த ஹைட்ரஜன் பெராக்சைடு தேவைப்படுகிறது என்று 1995இலேயே காட்டிவிட்டார்கள். தபால்காரரைத் திருடன் என்று அடிக்காதீர்கள்.

நம்பிக்கை 4: செல் படங்களில் தெரிவது செல்லின் சொந்த நிறம்.

உண்மை: பெரும்பாலான ஆய்வு கேமராக்கள் கறுப்பு வெள்ளையில்தான் பதிகின்றன. நிறம் பிறகு கணினியில் பூசுவது.

அப்படியானால் எப்படி அளப்பது? செல்லுக்குள் கால்சியத்தை அளப்பதில் இதுபோன்ற சிக்கலுக்கு 1985இலேயே வழி கண்டார்கள். ரோஜர் சியன் குழு உருவாக்கிய ஃபியூரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் தூண்டி, இரண்டு ஒளிர்வுகளின் விகிதத்தைப் பார்ப்பார்கள். சாயம் ஒரு செல்லில் அதிகம், ஒரு செல்லில் குறைவு என்றாலும் விகிதம் ஏமாற்றாது. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 2006இல் ஹைப்பர் என்ற புரத உணரி வந்தது. பாக்டீரியா தனக்கு வைத்திருக்கும் பெராக்சைடு உணரிப் புரதத்தோடு ஒளிரும் புரதத்தை இணைத்துச் செய்தது. இதிலும் விகிதம்தான், பெராக்சைடு குறைந்தால் திரும்பவும் இறங்கும். அமிலத்தன்மை மாறினால் இதுவும் தடுமாறும். அதனால் பெராக்சைடை உணராதபடி மாற்றிய அதன் இரட்டையான சைஃபரையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும்.

"எங்கள் கல்லூரியில் அதற்கெல்லாம் வசதி இல்லை" என்பார்கள். சாயம் தீரத் தீரக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உணரியின் மரபணுவோ உறைமோர் மாதிரி: ஒருமுறை வந்து சேர்ந்தால் பாக்டீரியாவில் வளர்த்து, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி, வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆட்ஜீன் போன்ற லாபநோக்கற்ற சேமிப்பகங்கள் இத்தகைய மரபணுக்களைக் கல்லூரிகளுக்கு அனுப்புகின்றன. துறைக்கு ஒரு குளிர்பெட்டித் தட்டை இதற்கென்று ஒதுக்குங்கள். இதை நான் எத்தனை கூட்டத்தில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அதுவரை பழைய சாயம்தான் கதி என்றால், தட்டில் மூன்று குழிகளையாவது ஒதுக்குங்கள். ஒன்றில் செல்லும் சாறும், சாயம் கூடாது. இன்னொன்றில் செல் இல்லாமல் சாயமும் சாறும். மூன்றாவதில் ஏற்கெனவே ஒளிரும் டி.சி.எஃப். கரைசலோடு சாறு. இந்த மூன்றாவதிலும் பச்சை மங்கினால், உங்கள் சாறு ஒளியை மறைக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக நான் போன தேர்வில், முதலில் சொன்ன அதே கேள்வியைக் கேட்ட பெண்ணிடம் இந்தக் குழிகள் எங்கே என்று கேட்டேன். அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். திட்டு அவளுக்குரியது அல்ல. கையெழுத்துப் போடும் நமக்குரியது.