கிராமப் பாடசாலையும் சங்க அங்கத்தினரின் கடமையும்

ஒரு கூட்டுறவுச் சங்கம் எவ்வாறு பலரது பங்குத் தொகையால் அமைந்து பலருக்கும் பயன்படுகின்றதோ, அவ்வாறே கிராமத்துப் பொதுப் பாடசாலையும் பலரது வரிப்பணத்தால் நடந்து, செல்வர் வறியவர் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகின்றது. சங்கத்தின் கணக்கை அங்கத்தினர் பாராவிடில் சங்கம் நலியும். ஊரார் கவனியாவிடில் பாடசாலையும் அப்படியே நலியும்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கேயுள்ள ஆலங்குளம் போன்ற கிராமங்களுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. இப்பக்கத்தில் வானம் பார்த்த நிலம் மிகுதி. மழை பொய்த்த வருஷத்தில் ஏழைக் குடும்பம் முதலில் இழப்பது பிள்ளையின் படிப்பையே. சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளின் தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் சிறுவர் சிறுமியர் நெடுங்காலம் வேலை செய்து வந்தமை நாடறிந்தது. பொதுக் கல்விக்கு நேர்ந்த இடையூறுகள் எவை, சீர்திருத்தங்களில் எவை பலித்தன, அங்கத்தினர் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பழைய நிலைமை

சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ம் வருஷத்தில் ஜில்லாதோறும் பாடசாலைகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ம் வருஷத்தில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பாடசாலைகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பாடசாலை. மாணாக்கரில் பெண்கள் மிகச் சிலரே.

கல்வி குன்றியதற்கு அவர் கூறிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. ஜனங்களின் வறுமை ஒன்று. கல்விக்குப் போதிய ஆதரவும் தேவையும் இல்லாமை மற்றொன்று. உபாத்தியாயர்களின் மாத வருமானம் பெரும்பாலும் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும், தகுதியுடையோரை இழுக்க அது போதாது என்றும் அவர் எழுதினார். பின் வந்த சீர்திருத்தங்கள் யாவும் இக்காரணங்களில் ஏதேனும் ஒன்றை நீக்க முயன்றவையே.

2. பிடி அரிசியும் மதிய உணவும்

சர்க்காரை மட்டும் எதிர்பாராமல் ஊரார் தாமே பள்ளி நடத்தியதற்குச் சிறந்த உதாரணம் விருதுநகரில் உண்டு. அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்தனர். ஒரு பிடி அரிசியால் எந்தக் குடும்பமும் கெடவில்லை. ஊர் முழுவதும் கொடுத்த பிடியால் ஒரு பள்ளி நடந்தது. சிறு தொகை பல சேர்ந்து பெரு மூலதனமாவதைச் சங்க அங்கத்தினருக்கு விவரிக்க வேண்டுவதில்லை. 1903-ம் வருஷத்தில் விருதுநகரில் பிறந்த காமராஜர் அப்பள்ளியில் படித்தவர். குடும்ப நிலைமையால் அவரது படிப்பு இடையில் நின்றது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை முதலில் உணர்ந்து காரியம் செய்தது சென்னை நகரசபை. சர் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த காலத்தில், 1920-ம் வருஷம் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகரசபைப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. இதையே ராஜ்யம் முழுமைக்கும் விரிவாக்கியவர் முதன்மந்திரி காமராஜர். 1956-ம் வருஷத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் செலவின் நூற்றுக்கு அறுபது பங்கைச் சர்க்காரும், நாற்பது பங்கை ஊராரும் ஏற்றனர். கல்வித்துறை டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958-ம் வருஷம் முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் கூட்டப்பட்டன. அவற்றில் ஊரார் பெஞ்சு, கரும்பலகை, கட்டிடம், சீருடை முதலியவற்றை மனமுவந்து அளித்தனர்.

1982-ம் வருஷம் ஜூலை முதல் தேதி முதன்மந்திரி எம். ஜி. ராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இவ்வேற்பாட்டை மிகவும் பெரிதாக்கியது. 2022-ம் வருஷம் செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023-ம் வருஷம் ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் பரவியது.

3. ஊர் உதவியின் எல்லை: அமெரிக்க நாட்டின் அனுபவம்

ஊராரின் உதவி நல்லதே. ஆயினும் பாடசாலை முழுவதும் ஊராரின் வசதியையே நம்பி நிற்குமாயின், வசதியுள்ள ஊருக்கு நல்ல பள்ளியும் வறண்ட ஊருக்குக் குறைந்த பள்ளியுமே கிட்டும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் சான்றாகும்.

அந்நாட்டில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம் 1837-ம் வருஷத்தில் கல்விச் சபை ஒன்றை நிறுவி, ஹொரேஸ் மான் என்பவரைக் காரியதரிசியாக நியமித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இலவசப் பாடசாலை வேண்டும் என்று அவர் ஓயாது உழைத்தார். 1852-ம் வருஷத்தில் அந்த ராஜ்யம் கட்டாயக் கல்விச் சட்டமும் செய்தது. ஆனால் அந்நாட்டுப் பள்ளிகளின் செலவில் பெரும்பகுதி அந்தந்த இடத்து வீடு, நிலங்களின் மேல் விதிக்கும் ஸ்தல வரியைப் பொறுத்தே அமைந்தது.

அதன் விளைவு டெக்ஸஸ் ராஜ்யத்து ஸான் அன்டோனியோ நகரில் வெளிப்பட்டது. அங்கே எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியும் அலமோ ஹைட்ஸ் என்ற செல்வப் பகுதியும் இருந்தன. 1967-68-ம் வருஷத்தில் எட்ஜ்வுட் வாசிகள் அதிக விகிதத்தில் வரி கட்டியும், அவ்வரியால் பிள்ளை ஒன்றுக்கு 26 டாலரே கிடைத்தது. குறைந்த விகிதத்தில் வரி கட்டிய அலமோ ஹைட்ஸுக்கோ 333 டாலர் கிடைத்தது. சொத்தின் மதிப்பு வேறுபட்டதே இதற்குக் காரணம். பெற்றோர் வழக்காடினர். 1973-ம் வருஷத்தில் அந்நாட்டு உயர்தர நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பின்னர் 1989-ம் வருஷத்தில் டெக்ஸஸ் ராஜ்யத்தின் உயர்ந்த நீதிமன்றமே, அவ்வேற்பாடு ராஜ்ய அரசியல் சட்டத்துக்கு முரண் எனத் தீர்த்தது.

மற்றொரு சீர்திருத்தமும் அறியத்தக்கது. 2002-ம் வருஷத்தில் அந்நாட்டில் அமலுக்கு வந்த ஒரு சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷந்தோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீக்ஷை வைத்து, 2014-ம் வருஷத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சியடைய வேண்டும் என விதித்தது. அக்குறி எட்டப்படவில்லை, 2015-ம் வருஷத்தில் வேறு சட்டம் வந்தது. பயிரின் உயரத்தை அடிக்கடி அளப்பதால் மட்டும் பயிர் வளராது. நீரும் எருவும் வேண்டும்.

4. வேலைக்குப் போன பிள்ளைகள்

இனி ஆலங்குளத்தின் அண்டை நிலைமையைப் பார்ப்போம். 1986-ம் வருஷத்துச் சட்டம், அபாயமான தொழில்கள் சிலவற்றில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசித் தொழில்களில் ஈடுபட்ட பிள்ளைகளைப் பற்றிய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ம் வருஷம் டிசம்பரில் முக்கியமான தீர்ப்பொன்று அளித்தது. சட்டத்தை மீறும் முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சர்க்கார் அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும். இயலாவிடில் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்நிதியின் வட்டி குடும்பத்துக்கு உதவும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிடில் அவ்வுதவி நின்றுவிடும்.

இத்தீர்ப்பின் நுட்பம் யாதெனில், பிள்ளையின் கூலி நின்றால் குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்பதையும் அது சேர்த்து யோசித்தது. தடை மட்டும் போதாது. பிள்ளையின் கூலியைப் பெற்றோர் நாடாதபடி செய்வதே நிலையான வழி. 2016-ம் வருஷத்துத் திருத்தத்தால், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் புறம்பே உதவுதல் போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்துவது குற்றமாயிற்று.

5. ஊராருக்குச் சட்டம் தந்த அதிகாரம்

2009-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி பெறுவது பிள்ளையின் உரிமை. சர்க்கார் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் நடப்பைக் கண்காணித்தல், அபிவிருத்தித் திட்டம் தயாரித்தல், மானியம் செலவாகும் விதத்தைக் கவனித்தல் ஆகியவை அக்குழுவின் வேலைகள்.

இவை சங்க நிர்வாகக் குழுவுக்குப் பழகிய வேலைகளே. தினக்குறிப்பும் ரசீதும் பார்த்துப் பழகிய அங்கத்தினர், பாடசாலையின் வரவு செலவையும் வருகைப் பதிவையும் தயக்கமின்றிக் கேட்டறியலாம். கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபின், 2021-ம் வருஷத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அந்தந்த ஊரின் தொண்டர்களே மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சர்க்காரின் பொருளும் ஊராரின் கவனமும் சேர்ந்த இடத்தில் காரியம் நடக்கும் என்பதற்கு இது சமீபத்திய சான்று.

6. அங்கத்தினர் செய்யத்தக்கவை

(அ) ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு வாரம் பள்ளிக்கு வராவிடில், பெற்றோரைக் கண்டு காரணம் அறிதல். கடிந்து பேசுவதால் பயனில்லை. காரணம் கடனா, நோயா, தூரமா, பயமா என்று தெரிந்தால்தான் பரிகாரம் தேடலாம்.

(ஆ) மழை பொய்த்த காலத்தில் வேலைக்காரப் பெற்றோர் பிள்ளையின் உழைப்பை ஈடாக வைத்து முன்பணம் வாங்க நேராதபடி, சங்க விதிகளுக்குட்பட்ட சிறு கடன் உரிய சமயத்தில் கிடைக்கச் செய்தல்.

(இ) மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குத் தவறாது செல்லுதல். பெண் அங்கத்தினர் பேச இடந்தருதல்.

(ஈ) நன்கொடை கொடுப்பதோடு, சர்க்கார் தரவேண்டிய உபாத்தியாயர், கட்டிடம், குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல். ஊரார் கொடுப்பது சர்க்காரின் கடமைக்கு மேல் சேர்வதாயிருக்க வேண்டுமேயன்றி, அதற்குப் பதிலாகக் கூடாது.

(உ) மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சிறு கதையைத் தடையின்றி வாசிக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுப் பார்த்தல். எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். பிள்ளை தடுமாறுவது காதுக்குத் தெரியும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நமது ஊரில் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் இன்று பள்ளியில் இருந்தவர் எத்தனை பேர்?

2. பிள்ளைகள் அதிகமாக வராமலிருப்பது எந்த மாதங்களில்? அம்மாதங்களில் பெற்றோருக்கு என்ன முடை நேருகிறது?

3. மேலாண்மைக் குழுவில் நமது சங்க அங்கத்தினர் எவரேனும் உளரா? கடைசிக் கூட்டத்தின் தீர்மானங்கள் நிறைவேறினவா?

4. விருதுநகரில் ஒரு பிடி அரிசி செய்த வேலையை, இன்று நமது ஊரில் எது செய்யலாம்?