இணைய வீடியோவைக் கணினியில் சேமித்தல்

'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்பது முதுமொழி. களத்துமேட்டுக்குக் கூறிய இச்சொல் இன்று இணையத்துக்கும் பொருந்துகிறது.

நாம் சென்றிருந்த ஓர் ஊராட்சியில், விதை நேர்த்தி பற்றிய வீடியோ ஒன்று மாலைக் கூட்டத்தில் காட்டப்பட்டது. மருந்தின் அளவைக் கூறும் கட்டத்தில் படம் நின்றுவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்த விவசாயிகள் கலைந்து சென்றனர். மறுநாள் விதைக்க இருந்தோர்க்கு அளவு தெரியாமலே போயிற்று.

படம் ஏன் நிற்கிறது? இணையத்தில் ஓடும் படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. கணினி அவற்றை வரிசையாகக் காட்டிவிட்டுக் கழித்துவிடுகிறது. வாய்க்கால் நீரை அவ்வப்போது பாய்ச்சுவது போன்றது இது. வரத்து நின்றால் பாசனமும் நிற்கும். சேமித்தலோ ஏரியை நிரப்பி வைப்பதாகும்.

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் படம் ஒரு மணி நேரத்துக்கு 3,600 மெகாபிட் ஆகும். 8 பிட் ஒரு பைட் ஆதலால் இது 450 மெகாபைட். எனவே 16 ஜிகாபைட் பென் டிரைவில் 30 மணி நேரத்துக்கு மேற்பட்ட படங்கள் அடங்கும்.

எல்லாப் படங்களையும் சேமிக்க நமக்கு உரிமை இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வீடியோவுக்கும் உரியது. யூடியூபின் விதிகள், அத்தளமே தரும் வசதியன்றி வேறு வழியில் இறக்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதன் செயலியில் சேமித்த படம் அச்செயலிக்குள் மட்டுமே ஓடும். 2012-இல் தொடங்கிய அக்சஸ் அக்ரிகல்ச்சர் நிறுவனமோ, விவசாயப் படங்களைத் தன் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ள வகை செய்துள்ளது. தமிழ்ப் படங்களும் உண்டு. பிற படங்களுக்கு, எடுத்தவரிடமே அனுமதியும் கோப்பும் கேட்டுப் பெறுதல் நேரிய வழி.

கவனிக்க வேண்டியவை:

1. இணைப்பு நன்றாக உள்ள வேளையில், கூட்டத்துக்கு முன்னரே, தளத்தின் டவுன்லோடு பொத்தானை அழுத்தி இறக்குக.

2. கோப்புக்குப் பயிர், பொருள், படம் வெளிவந்த ஆண்டு ஆகியவற்றைப் பெயராக இடுக.

3. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படத்தை இறுதிவரை ஓட்டிப் பார்க்க. ஒலியும் கேட்கிறதா என்று காண்க.

4. பென் டிரைவில் மற்றொரு பிரதி வைக்க.

சேமித்த படம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. எண்டோசல்பான் 2011-இல் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய படம் அதனைப் பரிந்துரைக்கக்கூடும். ஆதலின் ஆண்டுக்கொருமுறை வேளாண் அலுவலரைக் கொண்டு படங்களைச் சரிபார்த்து, பழையனவற்றை நீக்குதல் வேண்டும். விதைநெல்லைப் புடைத்து வைப்பவர்க்கு இப்பணி புதிதன்று.