கைமுடையும் திவாலும்: பாங்கு நெருக்கடிகள் கற்பிக்கும் பாடம்

மரக்காணத்து உப்பளங்களில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் உப்பு விளைகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையில் பாத்திகள் நீரில் மூழ்கிவிடுகின்றன. ஆகவே வாரி எடுத்த உப்பை மேட்டு நிலத்தில் அம்பாரமாகக் குவித்து, ஓலை வேய்ந்து, விலை வரும் காலத்தை எதிர்நோக்கிக் காத்திருப்பது இக்கரையின் வழக்கம். அவ்வாறு காத்திருப்பவரிடம் செல்வம் உண்டு. கையில் காசு இராது. நாளைக்கே கடனைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் வந்து நின்றால் அவர் திகைப்பார். ஆயினும் அவரை ஏழை என்றோ நாணயமற்றவர் என்றோ நாம் சொல்லமாட்டோம். ஓலைக்குள் மழைநீர் புகுந்து உப்புக் கரைந்து போயிருந்தாலோ, நிலைமை முற்றிலும் வேறு. அப்பொழுது அவருக்குக் காலம் கொடுத்தும் பயனில்லை.

முதல் நிலைமைக்குக் கைமுடை என்று பெயர். இரண்டாவது நிலைமைக்குத் திவால் என்று பெயர். இவ்விரண்டையும் பிரித்து அறியும் கலையே பாங்குத் தொழிலின் பாதுகாப்புக்கு அடிப்படையாகும். கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போட்டிருக்கும் நெசவாளரும் உழவரும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

முற்றுகை எவ்வாறு தோன்றுகிறது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் 1,000 அங்கத்தினர் தலைக்கு 500 ரூபாய் வைப்பு வைத்திருக்கின்றனர் எனக் கொள்வோம். மொத்த வைப்பு 5,00,000 ரூபாய். சங்கம் இதில் 50,000 ரூபாயைப் பெட்டியில் ரொக்கமாக வைத்திருக்கிறது. 1,00,000 ரூபாயை மத்தியக் கூட்டுறவு பாங்கில் போட்டிருக்கிறது. எஞ்சிய 3,50,000 ரூபாயை நூல் வாங்கவும் வேர்க்கடலை பயிரிடவும் கடனாகக் கொடுத்திருக்கிறது. கடன் வாங்கியோர் அனைவரும் நாணயமானவர்கள். ஆனால் சேலை விற்றபின்தான் நெசவாளர் பணம் கட்டுவார். கடலை பிடுங்கியபின்தான் உழவர் கட்டுவார்.

இந்நிலையில், சங்கம் முழுகப் போகிறது என்று சந்தையில் ஒரு வதந்தி பரவுகிறது. நாள் ஒன்றுக்கு 100 பேர் வந்து பணம் கேட்கின்றனர். முதல் நாளிலேயே பெட்டி காலியாகிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மத்திய பாங்கிலிருந்த பணம் செலவாகிறது. நான்காம் நாள் கதவை அடைக்க வேண்டியதுதான். எஞ்சிய 700 பேரின் 3,50,000 ரூபாயும் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அது தறியிலும் நிலத்திலும் இருக்கிறது. பொய்யாகத் தொடங்கிய வதந்தி, நான்காம் நாளில் மெய்யாகிவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடிச் சென்று பணம் எடுத்தவர்களை அறிவிலிகள் என்று ஏசுவதில் பொருளில்லை. முதலில் வந்தவருக்கு முழுப்பணமும் கிடைத்தது. பொறுமையோடு வீட்டில் இருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நலனை நாடிச் செய்யும் செயலே அனைவருக்கும் கேடாக முடிகிறது. ஆகவே அமைதியாக இருங்கள் என்ற உபதேசம் மட்டும் முற்றுகையைத் தடுக்காது. நல்ல கடன் பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு, அறுவடை வரையில் ரொக்கம் கொடுத்து உதவும் ஒரு பெரிய நிலையம் வேண்டும். அத்தகைய நிலையத்தையே கடைசிக் கடன் கொடுப்போன் என்பர்.

பருத்தி கற்பித்த பாடம்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. பம்பாயில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. அப்பணம் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளில் இறங்கியது. பம்பாய் பாங்கு அப்பங்குகளையே ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தது. 1865-இல் போர் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் பங்குகள் வெறுங் காகிதங்களாயின. பாங்கு நிமிரவே இல்லை; 1868-இல் அது கலைக்கப்பட்டது. ஓலைக்கு அடியில் உப்புக் கரைந்து போன கதை இது.

அடுத்த ஆண்டிலேயே, 1866 மே மாதத்தில், லண்டனில் ஓவரெண்டு கர்னி என்ற பெரிய கடன் நிலையம் வீழ்ந்தது. இங்கிலாந்து பாங்கு அதனைத் தாங்கிப் பிடிக்க மறுத்தது. ஆனால் அதன் வீழ்ச்சியால் அஞ்சி நடுங்கிய மற்ற நிலையங்களுக்கு, ஈடு பெற்றுக்கொண்டு தாராளமாகக் கடன் கொடுத்தது. இவ்வனுபவத்தை ஆராய்ந்து வால்டர் பாஜெட் என்னும் ஆங்கில ஆசிரியர் 1873-இல் ‘லம்பார்டு வீதி’ என்ற நூலை எழுதினார். அவர் வகுத்த நெறியை மூன்று சொற்றொடர்களில் அடக்கலாம்: நெருக்கடியில் தயங்காமல் கடன் கொடு, நல்ல காலத்தில் ஏற்கத்தக்க ஈட்டின் மேல் மட்டும் கொடு, வட்டியை உயர்த்திக் கொடு. ஈடு கேட்பது திவாலானவரை விலக்குவதற்காக. வட்டியை உயர்த்துவது தேவையில்லாதவர் வந்து மொய்க்காமல் இருப்பதற்காக.

சென்னையில் விழுந்த இடி

நம் மாகாணத்தில் அந்நெறியை நடத்திக் காட்ட அக்காலத்தில் எவரும் இல்லை. 1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. வெள்ளைக்காரரின் நாணயத்தை நம்பி உத்தியோகஸ்தர்களும், ஓய்வூதியம் பெற்றவர்களும், சிறு வியாபாரிகளும், விதவைகளும் தம் சேமிப்பை அதில் போட்டிருந்தனர். லண்டனில் இருந்த கூட்டாளியின் சூதாட்ட வியாபாரம் அப்பணத்தை விழுங்கிவிட்டது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். தண்டனையால் பணம் திரும்பி வந்துவிடாது அன்றோ? போட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு சிறு பகுதியே.

அத்துன்பத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கை நிறுவினர். அதற்குச் சற்று முன்னரே, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ், நம் மாகாணத்தில் நாணயச் சங்கங்கள் தோன்றத் தொடங்கியிருந்தன. பிறர் நாணயத்தை நம்பிக் கெட்ட மக்கள், தம் பணத்தைத் தாமே காத்துக்கொள்ள முற்பட்ட காலம் அது.

ரிசர்வ் பாங்கும் அதன் சோதனைகளும்

1935 ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் பாங்கு தொடங்கியது. அதனை நிறுவிய 1934-ஆம் ஆண்டுச் சட்டமே, நெருக்கடிக் காலத்தில் வழக்கத்துக்கு மேற்பட்டுக் கடன் கொடுக்கும் அதிகாரத்தை 18-ஆம் பிரிவில் அதற்கு அளித்திருந்தது. மூன்று ஆண்டுகளில் சோதனை வந்தது. 1937-இல் இரு பாங்குகள் இணைந்து உருவான திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கை 1938-இல் மக்கள் முற்றுகையிட்டனர். அது ரிசர்வ் பாங்கிடம் உதவி நாடியது. வேண்டிய உதவி கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பாங்கு பணம் கொடுப்பதை நிறுத்தியது. அச்சம் தென்னாடு முழுவதும் பரவியது.

அந்த பாங்கு கைமுடையில் இருந்ததா, திவாலில் இருந்ததா? இன்றுவரை இருதரப்பு வாதம் உண்டு. திருவாங்கூர் அரசியலின் பகையே பாங்கை வீழ்த்தியது என்பார் ஒரு சாரார். ஈடும் கணக்கும் திருப்தியளிக்காதபோது பொதுப்பணத்தைக் கொடுப்பது முறையன்று என்பார் மறுசாரார். நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. முற்றுகை தொடங்கிய பிறகு கணக்கைப் பார்க்கப் புகுந்தால், உண்மை தெரிவதற்குள் கதவு அடைபட்டுவிடும். நெருக்கடியில் கடன் கொடுக்க வேண்டியவன், நெருக்கடி வருமுன்னரே கணக்கை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். பாங்குகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை ரிசர்வ் பாங்குக்கு விரிவாக அளித்த சட்டம் 1949-இல் வந்தது.

அதன் பின்னும் ஒரு குறை இருந்தது. 1960 ஆகஸ்டு மாதத்தில் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்கை, ரிசர்வ் பாங்கின் மனுவின்பேரில் நீதிமன்றம் மூடச் செய்தது. நோயுற்ற பாங்கை மூடியது சரியே என்றாலும், அதில் சிறுதொகை போட்டிருந்தவர் செய்த குற்றம் என்ன? இக்கேள்விக்கு விடையாக இரண்டு ஏற்பாடுகள் எழுந்தன. ஒன்று, தள்ளாடும் பாங்கின் கொடுக்கல் வாங்கலைச் சில நாள் நிறுத்திவைத்து, அதனை வலிய பாங்கோடு இணைக்கும் அதிகாரம். மற்றொன்று, 1962 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த வைப்பு இன்ஷூரன்ஸ். தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையிலேயே பாதுகாப்பு இருந்தது. அது படிப்படியாக உயர்ந்து, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாய் ஆயிற்று.

கரூரில் கண்ட பயன்

துணி நெய்யும் ஊராகிய கரூரில் 1926-இல் வணிகர் சிலர் கூடி லட்சுமி விலாஸ் பாங்கைத் தொடங்கினர். பல தலைமுறைகள் அது தென்னாட்டு வியாபாரிகளுக்கு உறுதுணையாக இருந்தது. பிற்காலத்தில் திரும்பி வாராத பெருங்கடன்களால் அது நலிவுற்றது. 2020 நவம்பர் 17-ஆம் நாள் அதன் கொடுக்கல் வாங்கல் கட்டுப்படுத்தப்பட்டது; ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்தலாகாது என்று உத்தரவாயிற்று. அதே மாதம் 27-ஆம் நாள் அது டி.பி.எஸ். பாங்கின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களின் பணம் முழுவதும் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்கள் தம் முதலை முழுவதும் இழந்தனர். அர்பத்நாட் வீழ்ச்சியில் வைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்ததையும், இங்கே பத்து நாளில் வழி பிறந்ததையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட 114 ஆண்டுகளின் அனுபவம் வீண்போகவில்லை என்பது விளங்கும்.

ஆயினும் நாம் இறுமாந்திருக்க இடமில்லை. 2019 செப்டம்பரில் பம்பாயிலுள்ள பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவு பாங்கின் நிலைமை அம்பலமாயிற்று. அதன் கடனில் பெரும்பகுதி ஒரே கட்டட வியாபாரக் குழுவுக்குச் சென்றிருந்தது. கணக்குகளில் அது மறைக்கப்பட்டிருந்தது. முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று உத்தரவு பிறந்தது. 2022-இல் அது வேறொரு பாங்கோடு இணைக்கப்பட்டது. பெருந்தொகை போட்டிருந்தவர் பலர் தம் பணம் முழுவதையும் பெறப் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. கூட்டுறவு என்ற பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றிவிடாது.

நம் சங்கத்துக்கு இதனால் என்ன?

கிராமத்துத் தொடக்கச் சங்கத்துக்குக் கைமுடை வந்தால் அது மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கை நாடுகிறது. மத்திய பாங்கு மாநிலத் தலைமைக் கூட்டுறவு பாங்கை நாடுகிறது. தலைமை பாங்குக்கு, 1982-இல் நிறுவப்பட்ட நபார்டு மறுகடன் கொடுக்கிறது. நபார்டு தோன்றுமுன் இப்பணியை ரிசர்வ் பாங்கே செய்துவந்தது. இவ்வேணியின் ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: உன் கடன்கள் நல்ல கடன்களா? தவணை தவறிய கடன் மலிந்த சங்கத்துக்கு மேற்படியிலிருந்து கை நீளாது.

மற்றொன்றையும் அங்கத்தினர் அனைவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். மேலே கூறிய 5 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ், வணிக பாங்குகளுக்கும், மாநில, மத்திய, நகரக் கூட்டுறவு பாங்குகளுக்கும் உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் வைத்த பணத்துக்கு அது இல்லை. ஒரு பாங்கின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும், அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சமே வரம்பு. ஆகவே நம் தொடக்கச் சங்கத்துக்கு ஓலை வேய்வது நம் பொறுப்பே. தணிக்கையும், ஐந்தொகையும், பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் எழுப்பும் கேள்வியுமே அந்த ஓலை. வதந்தி வந்த நாளில் வரிசையில் நிற்பதைவிட, வதந்தி வாராத நாளில் பொதுக்கூட்டத்துக்குச் செல்வது மேல்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. கணக்கை ஒளிக்கும் சங்கத்தில்தான் வதந்தி வேர்விடும். சங்கத்தின் நிலையை ஆண்டுதோறும் எளிய தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டினால், ஆயிரம் மறுப்பு அறிக்கைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

ஆராய வேண்டிய வினாக்கள்

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் அங்கத்தினர்கள் கூடி இவற்றை ஆராய்வார்களாக.

1. நம் சங்கத்தின் வைப்பில் நூற்றுக்கு எத்தனை ரூபாய் ரொக்கமாகவும், மத்திய பாங்கிலும் இருக்கிறது?

2. கொடுத்த கடனில் தவணை தவறியது எவ்வளவு? சென்ற ஆண்டைவிட அது கூடியதா, குறைந்ததா?

3. ஒரே குடும்பத்துக்கோ ஒரே வியாபாரத்துக்கோ மிகுதியான கடன் சென்றிருக்கிறதா?

4. நெசவுக் கடனும் பயிர்க் கடனும் எந்தெந்த மாதங்களில் திரும்பி வருகின்றன? மழைக்காலத்தில் ஒருங்கே பணம் கேட்கப்பட்டால் சங்கம் என்ன செய்யும்?

5. கடைசித் தணிக்கை அறிக்கையில் கண்ட குறைகள் நிவர்த்தி செய்யப்பட்டனவா?

இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், சந்தையில் எவர் என்ன சொன்னாலும் நாம் கலங்க வேண்டியதில்லை. விடை கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரையில் கேட்பது அங்கத்தினரின் உரிமை. கேளாதிருப்பது கடமை தவறுதலாகும்.